பனிக்கு அடியில் ஓர் அடுப்பு

கும்பக்கரையில் குளிச்சிருக்கீங்களா?

தேனி மாவட்டத்துக்காரங்களுக்கு இது கேள்வியே இல்லை. மற்ற ஊர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பெரியகுளத்தில் இருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர். வழியெல்லாம் மாந்தோப்பு. கொடைக்கானல் மலையில் இருந்து இறங்கி வருகிற தண்ணீர், பாறை பாறையாக வழுக்கிக்கொண்டு வந்து விழும். பரீட்சை முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் அங்கே போய்த் தலையைக் கொடுத்தால், மூன்று மணி நேரம் எழுதிய அத்தனையும் மறந்துபோகும். (பரீட்சைக்கு முன்னாடி போனாலும் இதே எஃபெக்ட்தான், ஜாக்கிரதை.)

ஒருநாள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். சுள்ளென்று வெயில். எங்கள் தலைக்கு மேலே பொட்டு மேகம் இல்லை. திடீரென்று விசில் சத்தம். வனத்துறை ஊழியர் ஒருவர் ஊதிக்கொண்டே ஓடி வருகிறார். "எல்லாரும் வெளிய வாங்க! தம்பி, ஒன்னையத்தான், மேல ஏறு!" நம்ம பசங்க லேசில் விடுவாங்களா? "எங்கண்ணே மழை? வெயிலு மண்டையப் பொளக்குது." அவர் பதில் சொல்லவில்லை. மலை உச்சியைக் கை காட்டினார். அங்கே மட்டும் கறுப்பாக ஒரு திட்டு. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ கலருக்கு மாறியது. சத்தம் மாறியது. நாங்கள் சோப்பு டப்பா வைத்திருந்த பாறை இருந்த இடமே தெரியவில்லை.

போனது சோப்பு டப்பா மட்டும்தான். விசில் ஊதிய அந்த அண்ணனுக்கு யாரும் தேங்க்ஸ் சொன்னதாக ஞாபகம் இல்லை, நான் உள்பட.

இது இப்போ எதுக்குன்னு கேட்கிறீங்களா? போன மாதம் தேனி பக்கம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தார். "சார், ஐஸுக்கு அடியில எரிமலை வெடிக்கும்னு புக்ல படிச்சேன். ஐஸ் பட்டா நெருப்பு அணைஞ்சிடாதா?"

ஹால் முழுக்க 'கொல்'லென்று சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பக்கரை சோப்பு டப்பாதான் ஞாபகத்துக்கு வந்தது. "உட்காரும்மா, நல்ல கேள்வி"ன்னு ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் மணி அடித்துவிட்டார்கள். அங்கே பாதியில் விட்டதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்து. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. ஜனத்தொகை நாலு லட்சத்தை எட்டவில்லை. நம்ம தேனி மாவட்டத்தில் பார்த்தால் மூணில் ஒரு பங்குதான். நாட்டில் பத்தில் ஒரு பங்கு நிலம் நிரந்தரப் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கிறது. அந்தப் பனிக்கு அடியில், பாறைக்குள், எரிமலைகள். ஃப்ரீசருக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போன மாதிரி ஒரு ஊர்.

அணைஞ்சிடாதா? அணையாது பாஸ். ஏன்னா அது நெருப்பே இல்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற பாறைக் குழம்பு. ஒரு பங்கு குழம்பு ஆறிக் கல்லாவதற்குள் சுமார் பத்துப் பங்கு பனிக்கட்டியைத் தண்ணீராக்கிவிடும். குழம்பு ஆறத்தான் செய்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சூடெல்லாம் எங்கே போகும்? பனிக்குத்தான் போகும். ஆக, பனி எரிமலையை அணைப்பதில்லை. எரிமலைதான் பனியை ஆறாக மாற்றுகிறது.

மேட்டர் அதோடு முடிந்தால் பரவாயில்லை. அந்த ஆறு உடனே வெளியே வராது. அதுதான் வில்லங்கம்.

1996, செப்டம்பர் 30. ஐஸ்லாந்தின் மிகப்பெரிய பனிப்போர்வை வாட்னாயோகுட்ல். (யோகுட்ல் என்றால் அவர்கள் மொழியில் பனியாறு. பேரைச் சொல்லும்போது நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பில்லை.) அதற்கு அடியில் ஒரு வெடிப்பு தொடங்கியது. மேலே அரை கிலோமீட்டருக்கும் அதிகமான தடிமனில் பனி. சுமார் 30 மணி நேரத்தில் அத்தனை பனியையும் உருக்கித் துளைத்துக்கொண்டு புகை வெளியே வந்துவிட்டது. டி.வி.க்காரர்கள் ஹெலிகாப்டரில் பறந்து பறந்து படம் எடுத்தார்கள். சூப்பர் படங்கள். ஆனால் விஞ்ஞானிகளின் கண் அந்தப் புகையில் இல்லை. உருகிய தண்ணீர் எங்கே?

தண்ணீர் பனிக்கு அடியிலேயே நகர்ந்து, பக்கத்தில் கிரிம்ஸ்வோட்ன் என்ற பள்ளத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. மேலே பனி மூடி, சுற்றிலும் பனிச் சுவர், நடுவில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு ஏரி. நாளுக்கு நாள் மட்டம் ஏறுகிறது. நம்ம வீட்டு குக்கரை நினைத்துக்கொள்ளுங்க. உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்க முடியாது. வெயிட் எப்போ தூக்கும் என்பதுதான் கேள்வி. பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும் என்பது எட்டாவது வகுப்புப் பாடம். ஏரி மட்டம் ஒரு அளவைத் தாண்டினால், அணை மாதிரி தடுத்துக்கொண்டிருக்கிற பனிச் சுவரே மெல்ல எழும்ப ஆரம்பிக்கும். அடியில் இடுக்கு விழும். இடுக்கு சுரங்கமாகும். அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆபத்துப் பாதையில் போகிற சாலையில் கண்காணிப்பு. ஆட்கள் காத்திருந்தார்கள். "இவங்களுக்கு வேற வேலை இல்லையா"ன்னு நம்ம ஊராக இருந்தால் மீம்ஸ் போட்டிருப்போம். ஐந்தாவது வாரம், நவம்பர் 5-ஆம் தேதி காலை, வெயிட் தூக்கிவிட்டது.

இரண்டு நாளில் வெளியே வந்த தண்ணீர் மூன்று கன கிலோமீட்டருக்கும் மேல். இப்படிச் சொன்னால் நமக்கு மண்டையில் ஏறாது. நம்ம கணக்குக்கு வருவோம். நூறு டி.எம்.சி.க்கு மேல். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். நம்ம வைகை அணை 71 அடியும் நிறைந்து தளும்பினால் ஆறு டி.எம்.சி. சொச்சம். அப்படிப் பதினைந்து வைகை அணைக்கு மேல், இரண்டே நாளில். உச்சத்தில் வினாடிக்குப் பதினாறு லட்சம் கனஅடி. மேட்டூரில் இரண்டு லட்சம் கனஅடி திறந்தாலே நமக்கு நாள் முழுக்க ஃப்ளாஷ் நியூஸ் ஓடும். முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப் ராட்சதக் குழாய்களில் முழு வேகத்தில் இறங்கும்போது பார்த்து வாய் பிளந்திருப்பீங்க. அது இரண்டாயிரம் கனஅடி சமாசாரம். இது அது மாதிரி எண்ணூறு மடங்கு.

தண்ணீர் மட்டும் வரவில்லை. வீடு வீடாகப் பனிப்பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. 376 மீட்டர் நீளப் பாலம் ஒன்று அப்படியே காணாமல் போனது. அதன் இரும்பு உத்திரங்கள் முறுக்கிய முறுக்கு மாதிரி இன்றைக்கும் அங்கே சாலையோரம் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. இந்த மாதிரி வெள்ளத்துக்கு ஐஸ்லாந்துக்காரர்கள் வைத்த பேரைத்தான் இன்று உலகமே பயன்படுத்துகிறது: யோகுல்ஹ்லாப். பனியாற்றின் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம். சாலையை முன்கூட்டியே மூடிவிட்டார்கள். வெறும் மணல்வெளியைத்தான் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

தண்ணீர் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் சாம்பல். சூடான கண்ணாடி கிளாஸில் ஐஸ் வாட்டரை ஊற்றி, 'டப்'பென்று அது விரிந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? எரிமலைக் குழம்பு பனித் தண்ணீரைத் தொடும்போதும் அதேதான். தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி வெடிக்கும். குழம்பு தூள் தூளாகச் சிதறிக் கண்ணாடிப் பொடியாகும். 2010 ஏப்ரலில் உலகத்து நியூஸ் ரீடர்களை எல்லாம் திணறவைத்த எய்யாஃபியாட்லாயோகுட்ல் ஞாபகம் இருக்கா? உங்களில் பலர் அப்போ எல்.கே.ஜி.கூடப் போயிருக்க மாட்டீங்க. ரொம்பப் பெரிய வெடிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் மேலே பனி இருந்ததால் பொடி ரொம்ப நைஸ். காற்றும் ஐரோப்பா பக்கம் அடித்தது. அந்தப் பொடி விமான இன்ஜினுக்குள் போனால் உருகி, உள்ளே இருக்கிற பிளேடுகளில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் மூச்சு முட்டி நின்றுவிடும். கதை இல்லை. 1982 ஜூனில் லண்டனில் இருந்து மும்பை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா பக்கம் போன ஒரு ஜம்போ விமானத்துக்கு, இந்தோனேஷியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் மாட்டி, நாலு இன்ஜினும் அணைந்தன. பல நிமிடங்கள் அந்தரத்தில் மிதந்து இறங்கி, சாம்பலைத் தாண்டிய பிறகு மறுபடி இன்ஜின் கிளம்பி, ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

அந்தப் பயத்தில்தான் 2010-ல் ஐரோப்பிய வானத்தை ஆறு நாள் கிட்டத்தட்ட இழுத்துப் பூட்டினார்கள். சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. எங்கோ ஒரு பனிமலை இருமியது. சென்னையில் லண்டன் விமானத்துக்குப் பெட்டியைக் கட்டியவர்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். கென்யாவில் ஐரோப்பாவுக்கு அனுப்ப வெட்டிய பூக்கள் குவியல் குவியலாக அழுகின. போடி ஏலக்காயாக இருந்தால் மூட்டையில் கிடந்து தாங்கும். ரோஜா எங்கே தாங்கும்?

சரி. இதுவரைக்கும் சொன்னது எல்லாம் யாரும் சாகாத கதை. இனி சொல்லப்போவதுதான் அந்த மாணவிக்கு நான் சொல்ல நினைத்து, மணி அடித்ததால் விட்டுப்போன பகுதி.

கொலம்பியா. தென் அமெரிக்கா. நெவாடோ டெல் ரூயிஸ் என்று ஒரு மலை, ஐயாயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். உச்சியில் பனித் தொப்பி, உள்ளே எரிமலை. கீழே, ஆற்று வழியாகப் போனால் 74 கி.மீ. தூரத்தில், ஆர்மேரோ என்று ஒரு ஊர். சுமார் 29 ஆயிரம் பேர். பருத்தியும் நெல்லும் விளைகிற செழிப்பான மண். 74 கி.மீ. என்றால் ஏறக்குறைய தேனியில் இருந்து மதுரை. மதுரையில் உட்கார்ந்திருக்கிறவன் தேனி மலையைப் பார்த்தா பயப்படுவான்?

அந்த மண் ஏன் செழிப்பு தெரியுமா? 1595-லும் 1845-லும் இதே மலை உருட்டிவிட்ட சேறு அது. அந்தச் சேற்றின் மேலேதான் ஊரே கட்டியிருந்தார்கள்.

மலை ஒரு வருஷமாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. 1985 செப்டம்பரில் ஒரு சின்ன வெடிப்பு, ஒரு சேற்று ஓட்டம். அக்டோபரில் விஞ்ஞானிகள் வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார்கள், எந்தப் பள்ளத்தாக்கு வழியாகச் சேறு வரும், எந்த ஊர் மாட்டும் என்று. ஆர்மேரோ அதில் தெளிவாக இருந்தது. வீணாகப் பீதி கிளப்புகிறார்கள் என்று சொன்ன பெரியவர்களும் இருந்தார்கள். ஊரைக் காலி செய்துவிட்டு ஒன்றும் நடக்காவிட்டால் நஷ்டம் யார் தலையில்? இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் கேட்கப்படுகிறது.

நவம்பர் 13. மத்தியானத்துக்கு மேல் ஆர்மேரோவில் சாம்பல் தூவியது. ரேடியோவிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவிப்பு: பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குள் இருங்கள். சாயங்காலம் சாம்பல் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. இரவு ஒன்பது மணி சுமாருக்கு மலை வெடித்தது. மழை மூட்டத்தில் கீழே இருந்தவர்களுக்கு உச்சியே தெரியவில்லை. எரிமலைக் கணக்கில் அது சின்ன வெடிப்பு. உச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகியது. அது போதுமானதாக இருந்தது.

உருகிய தண்ணீர் சரிவில் இறங்க இறங்க, சாம்பல், மண், பாறை, மரம் என்று கண்டதையும் அள்ளிக்கொண்டது. கான்கிரீட் கலவை லாரியைக் கவிழ்த்தால் எப்படி வழியும், அந்தப் பதம். இதற்கு லஹார் என்று பேர். இறங்கும்போதே பருமன் கூடிக்கொண்டே போகும். லகுனில்லா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுழைந்து ஊரைத் தொட்டபோது இரவு பதினொன்றரை ஆகியிருந்தது.

கணக்கைக் கவனிச்சீங்களா? ஒன்பதுக்கு வெடித்து, பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தது. 74 கி.மீ.க்கு இரண்டரை மணி நேரம். நம்ம ஊர் டவுன் பஸ் வேகம். தப்பிக்க மேடான இடம் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. இரண்டரை மணி நேரம் இருந்தது. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. சொல்ல நினைத்தவர்களுக்கும், புயல் மழையில் கரண்டும் தொடர்பும் அறுந்துபோயிருந்தன.

அன்றைக்கு அந்த ஊர் ஓட்டலில் புவியியல் மாணவர்கள் சிலர் தங்கியிருந்தார்கள். ஃபீல்ட் ட்ரிப். உங்கள் வயசுதான். மலையைப் பற்றிப் படிக்கிற பிள்ளைகள். ரேடியோவில் மேயர் தைரியம் சொல்லிக்கொண்டிருந்ததையும், கொஞ்ச நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்ததையும், இருட்டில் ஒரு இரைச்சல் வந்ததையும், உயிர் பிழைத்த ஒரு மாணவர் பின்னாளில் விவரித்தார். ஓட்டல் கட்டடம் அவர்களைச் சுற்றி உடைந்து விழுந்தது.

ஆர்மேரோவில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மொத்தம் 23 ஆயிரம். ஓமைரா சான்செஸ் என்ற பதிமூன்று வயதுப் பெண், இடிபாட்டுக்குள் கால் மாட்டி, கழுத்தளவு தண்ணீரில் சுமார் அறுபது மணி நேரம் பேசிக்கொண்டே இருந்து, கேமராக்களுக்கு முன்னாலேயே இறந்தாள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. எச்சரிக்கை வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயார். அது ஏன் அதே மாதிரி ஊர் ஊராகப் போகவில்லை? எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மலை மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நானூறு வருஷமாக ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

இதே கொலம்பியாவில் இன்னொரு பனிமலை, நெவாடோ டெல் ஹுயிலா. 2008 நவம்பரில் அது வெடித்துச் சேற்றைத் தள்ளியது. அளவில் ஆர்மேரோவை அழித்ததைவிடப் பெரிய வெள்ளம். பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். இறந்தவர்கள் பத்துப் பேரளவில். நடுவில் 23 வருஷம் ஓடியிருந்தது. கருவிகள் வந்திருந்தன, மேடேறும் பயிற்சி இருந்தது, ஜனங்கள் சொன்னவுடனே ஏறினார்கள்.

ஐஸ்லாந்தில் 2010-லும் அதுதான் நடந்தது. ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு நிலநடுக்கக் கருவிகள் துடிக்க ஆரம்பித்தன. நடுச்சாமத்தில் ஆட்களை எழுப்பினார்கள். விடிவதற்குள் சுமார் 800 பேர் மேடேறியாயிற்று. காலையில் வெள்ளம் வந்தபோது பார்க்க ஆள் இல்லை. ஒரு சுவாரசியம் கேளுங்க: அங்கே ஒரு பெரிய பாலத்தைக் காப்பாற்ற, நெடுஞ்சாலையைத் தாங்களே ஜே.சி.பி. வைத்து அங்கங்கே வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வெட்டின வழியாகப் போனது, பாலம் பிழைத்தது. நம்ம ஊர்க் கண்மாய் நிரம்பினால் கரை உடையாமல் இருக்க, வேறு பக்கம் வெட்டிவிடுகிற அதே பெரியவங்க மூளை.

பக்கத்திலேயே கட்லா என்று இன்னொரு எரிமலை. (வைகை அணை கட்லா மீன் இல்லைங்க.) 1918 அக்டோபரில் கடைசியாகப் பெரிதாக வெடித்தது. அன்று வந்த வெள்ளத்தின் உச்சம் 1996-ஐவிடப் பல மடங்கு. அது கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கடற்கரையே கடலுக்குள் தள்ளிப்போனது. நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மறுபடி எப்போ என்று யாருக்கும் தெரியாது. அடிவாரத்தில் வீக் என்று சின்ன ஊர். ஊரின் சர்ச் ஒரு மேட்டில் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் எல்லோரும் அங்கே ஏற வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

"சார், இதெல்லாம் நமக்கு எதுக்கு? கம்பம் பள்ளத்தாக்கில் பனியும் கிடையாது, எரிமலையும் கிடையாது, திராட்சைதான் இருக்கு" என்று நீங்க கேட்கலாம். நியாயம். இந்தியாவில் உயிரோடு இருக்கிற எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில் ஒன்றுதான். அதன் தலையில் பனி இல்லை. பனி இருக்கிற இமயமலையில் எரிமலை வெடிப்பதில்லை. ஆனால் மேலே பனி, கீழே பள்ளத்தாக்கு, நடுவில் தெரியாமல் தேங்குகிற அல்லது திடீரென்று சரிகிற ஒன்று, இந்தச் சங்கதிக்கு எரிமலை கட்டாயம் இல்லை. 2021 பிப்ரவரி 7, உத்தராகண்டின் சமோலி. பாறையும் பனியும் பிய்த்துக்கொண்டு விழுந்து, சேற்று வெள்ளமாகி, மின்திட்டங்களில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட இருநூறு பேருக்கு மேல் போனார்கள். பட்டப்பகல். மேல் ஊர்க்காரர்கள் வெள்ளம் வருவதைப் பார்த்தார்கள். கீழே சுரங்கத்துக்குள் இருந்தவர்களுக்குச் சொல்ல வழி இல்லை.

2023 அக்டோபர் 3-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனி ஏரி உடைந்தது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் கீழே சுங்தாங்கில் இருந்த தீஸ்தா அணை, 1,200 மெகாவாட் திட்டம், உடைத்துக்கொண்டு போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து நூறைத் தாண்டும். அந்த ஏரி ஆபத்தானது என்று பல வருஷங்களாக எழுதியிருந்தார்கள். எச்சரிக்கைக் கருவி வைக்கும் வேலையின் முதல் கட்டம் அதற்கு முந்தின மாதம்தான் தொடங்கியிருந்தது. ஒரே ஒரு மாதம்.

இன்னும் பக்கத்தில் வரட்டுமா? போடி மெட்டு ஏறினால் அந்தப் பக்கம் மூணாறு. அதன் அருகே பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6, விடாத மழை, ராத்திரி. மலைச்சரிவு தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகள் மேல் வந்து இறங்கியது. எழுபது பேர். பெரும்பாலும் நம் தமிழ்க் குடும்பங்கள். அங்கே பனியும் இல்லை, எரிமலையும் இல்லை. சேறு மட்டும் அதே சேறு. கரண்ட் இல்லை, செல்போன் டவர் வேலை செய்யவில்லை. நடந்த விஷயம் வெளியே தெரியவே விடிய வேண்டியிருந்தது.

அதே 2023 அக்டோபரில், சிக்கிம் வெள்ளம் வந்து இரண்டு வாரம் கழித்து, தமிழ்நாட்டில் எல்லார் செல்போனும் ஒரே நேரத்தில் 'பீ...ப்' என்று அலறியது ஞாபகம் இருக்கா? பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை ஓட்டம் அது. நீங்க பன்னிரண்டாம் வகுப்பிலோ ஃபர்ஸ்ட் இயரிலோ இருந்திருப்பீங்க. போனை ஒளித்துவைத்திருந்தவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டார்கள் என்று ஒரு வாரம் ஜோக் ஓடியது. நானும் சிரித்தேன். ஆர்மேரோ கையில் அந்த ஒரு 'பீப்' இருந்திருந்தால் என்று பிறகுதான் தோன்றியது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. டவரே படுத்துவிட்ட பெட்டிமுடிக்கு அந்த 'பீப்' எப்படிப் போயிருக்கும்?

அந்தக் கல்லூரி மாணவியை வாசலில் பஸ் ஸ்டாப்பில் மறுபடி பார்த்தேன். கூடப் படிக்கிறவர்கள் இன்னும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். "ஐஸ் அணைக்காதுன்னு புரிஞ்சுது சார். ஆனா ஒரு டவுட். எங்க வீடு ஓடைக்குப் பக்கத்துலதான். மேல எங்கருந்து தண்ணி வருதுன்னு எனக்கே தெரியாது. அதை யார்கிட்ட சார் கேட்கணும்?"

"வீட்டுல பெரியவங்க யாரும்மா இருக்கா?"

"ஆச்சி இருக்காங்க."

"முதல்ல ஆச்சிகிட்ட கேளு. கடைசியா அந்த ஓடையில எந்த வருஷம் வெள்ளம் வந்தது, எது வரைக்கும் வந்ததுன்னு."

பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

உங்களுக்கும் இந்த வாரம் அதே வேலைதான் நண்பர்களே. உங்கள் ஊர் ஓடை, ஆறு, அருவி எந்த மலையில் இருந்து வருகிறது, கடைசி வெள்ளம் எந்தச் சுவர் வரைக்கும் ஏறியது, உங்கள் வீட்டில் இருந்து நடந்தே போகக்கூடிய மேடு எது, எத்தனை நிமிஷம். ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்க. கும்பக்கரை பக்கம் போகிறவர்கள், விசில் ஊதுகிற அந்த அண்ணன் இன்னும் இருந்தால், என் சார்பில் ஒரு தேங்க்ஸ் சொல்லிவிடுங்க.